வலைக்கதவைத் தேடிய ஏழு நாள்கள்

ஜூலை 7, வெள்ளி. மாக்கினா பாலம்

எங்கள் மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டி, 1989ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. ஃபோர்டு ஈ-350 சேசிஸ் மீது கட்டப்பட்ட, 24 அடி நீளமுள்ள, ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வகை வண்டி. சென்ற நவம்பரில், கை விறைக்கும் குளிரில், இதை வாங்கினோம். எஞ்சின், பிரேக், கூரை ஒழுகல், எரிவாயுக் குழாய் என முக்கியமானவற்றையெல்லாம் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தோம். வாசற்கதவுக்கு உட்புறம், பூச்சியைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் வலைக்கதவு ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது அந்தக் குளிரில் எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. வெயில் வந்த பிறகு, விற்ற பெரியவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, அவருடைய நாய் வலையைக் கிழித்துவிட்டதாகவும், வெறும் சட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கழற்றிப் போட்டுவிட்டதாகவும் சொன்னார்.

அம்மா ஊரிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருக்கிறார். அவரையும் ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கிராண்ட் ராபிட்ஸைக் காலையிலேயே கடந்து, 131ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே வந்தோம். மாலையில் மாக்கினா பாலத்தை அடைந்தபோது பெருங்காற்று. 1957இல் திறக்கப்பட்ட இந்தப் பாலம் ஏறத்தாழ ஐந்து மைல் நீளம். காற்று எச்சரிக்கை உள்ள நாள்களில் எங்களுடையதைப் போன்ற உயரமான வண்டிகள் மணிக்கு 20 மைல் வேகத்தில்தான் போக வேண்டும். பாலம் முழுவதும் வாசற்கதவு தடதடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. கதவு திறந்துகொள்ளுமோ என்று மனைவி கவலைப்பட்டார். ஆனால் அதன் கீல் வண்டியின் முன்பக்கம் நோக்கி இருப்பதால், தாழ் நழுவினாலும் எதிர்க்காற்றே அதைத் தள்ளி மூடிவைக்கும். கீல் எந்தப் பக்கம் என்ற இந்தச் சிறு விவரம் நான்கு நாள் கழித்து எங்களை எவ்வளவு அலைய வைக்கும் என்று அப்போது தெரியாது.

ஜூலை 8, சனி. டக்குவாமினான் அருவி

மேல் அருவி 200 அடி அகலத்தில், ஐம்பது அடி உயரத்திலிருந்து விழுகிறது. சதுப்பு நிலத்துத் தேவதாரு மரங்களிலிருந்து இறங்கும் துவர்ப்புச் சத்தால் தண்ணீர் பழுப்பாக இருக்கிறது. கடுக்காய்க் கஷாயத்தை அண்டா அண்டாவாகக் கொட்டியது போலிருக்கிறது என்றார் அம்மா. நிறத்துக்குக் காரணமும் அதே துவர்ப்புதான் என்பதால் அவர் சொன்னது மிகச் சரி.

மதியம் சாலையோரக் கடையில் பேஸ்டி சாப்பிட்டோம். சுரங்க வேலைக்கு வந்த, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரர்கள் இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்த பண்டம் இது. உருளைக்கிழங்கு, ருடபேகா என்ற கிழங்கு, வெங்காயம் ஆகியவற்றை மாவில் பொதிந்து சுட்டிருந்தார்கள். இறைச்சி இல்லாதது ஒன்று ஒன்பது டாலர். மிளகு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு மனதில் நின்றது அந்தக் கடையின் வாசல்தான். மரச்சட்டத்தில் வலை அடித்து, ஸ்பிரிங் வைத்த கதவு. ஆள் நுழைந்ததும் பட்டென்று தானே மூடிக்கொண்டது. உள்ளே ஒரு ஈகூட இல்லை, ஆனால் ஏரிக்காற்று முழுவதும் உள்ளே இருந்தது. இல்லாத பொருள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் என்பார்கள். அன்று நான் பார்த்த ஒவ்வொரு வண்டியிலும் வலைக்கதவைத்தான் பார்த்தேன்.

இரவு பொல்லாததாக இருந்தது. வண்டியின் கூரை ஏசி பழுதாகிப் பல ஆண்டுகள் ஆயிற்று. கூரையில் 14 அங்குலச் சதுரத் துளையில் ஒரு மின்விசிறி இருக்கிறது. அது உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்க வேண்டுமானால், கீழேயிருந்து காற்று உள்ளே வர வழி வேண்டும். எங்கள் சன்னல்கள் கைப்பிடியைச் சுழற்றித் திறக்கும் சிறிய கண்ணாடிப் பட்டைகள்; அவற்றின் வழியே வருவது போதாது. வாசல்தான் பெரிய வழி. தவிர, எரிவாயு அடுப்பில் சமைக்கும்போது காற்றோட்டம் இல்லாமல் இருக்கவே கூடாது. ரசம் கொதித்த அரை மணி நேரம் கதவைத் திறந்து வைத்தோம். அதற்குள் கொசுப்படை குடியேறிவிட்டது.

வீட்டு வாசலுக்கென விற்கும் காந்தத் திரை ஒன்றை 19 டாலருக்கு வாங்கி வைத்திருந்தேன். அது வண்டியின் வாசலைவிட ஓரடி அகலம். காந்தங்கள் திரையின் இரு பாதிகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைக்கின்றனவே தவிர, அலுமினிய நிலைச்சட்டத்தில் ஒட்டுவதில்லை. ஓரங்களை நாடாவால் ஒட்டினோம். ஈரக்காற்றில் அது உரிந்து தொங்கியது. கொசுவைவிட மோசமானது கடுகில் பாதி அளவுள்ள ஒருவகைக் கொள்ளு ஈ. சாதாரணச் சன்னல் வலையின் கண்ணிலேயே அது நுழைந்து வருகிறது. கதவை மூடினால் புழுக்கம், திறந்தால் கடி. மகளின் காலில் காலையில் 31 தடிப்புகளை எண்ணினோம்.

"கதவைத் திறந்து வைத்துப் படுத்தே பழகிவிட்டேன்ப்பா, மூடினால் மூச்சு முட்டுகிறது" என்று அம்மா மெதுவாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அதிகம் வலித்தது.

ஜூலை 9, ஞாயிறு. பக்கத்து இடத்துப் பெரியவர்

பக்கத்தில் நிறுத்தியிருந்த இழுவை வண்டியில் விஸ்கான்சினிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் தங்கியிருந்தார். எழுபது வயதிருக்கும். உரிந்து தொங்கிய திரையை நான் சுருட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அனுமதி கேட்டுவிட்டுத்தான் எங்கள் வாசலருகே வந்தார். அடுத்த ஒன்றரை மணி நேரம் அவர் எங்களுக்கு நடத்திய பாடத்தை அப்படியே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ளாமல் கதவு வாங்கப் போயிருந்தால் பணம் வீணாகியிருக்கும்.

முதலில், வாசற்கதவின் கீல் பக்க விளிம்பை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். முப்பது ஆண்டு அழுக்குக்கு அடியில் ஒரு சிறு ஒட்டுத்தாள் தெரிந்தது. அதில் கதவு செய்த நிறுவனத்தின் பெயரும், ஓர் எண்ணும், அளவும் இருந்தன. மோட்டார்ஹோம் கட்டுபவர்கள் பெரும்பாலும் கதவைத் தாங்களே செய்வதில்லை, கதவு செய்கிறவர்களிடமிருந்து நிலையோடு சேர்த்து வாங்கிப் பொருத்துகிறார்கள் என்றார். ஆகவே வண்டியின் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காதது, கதவின் அளவைச் சொல்லித் தேடினால் கிடைக்கக்கூடும்.

ஆனால் ஒட்டுத்தாளிலிருந்த அளவை அப்படியே நம்ப வேண்டாம் என்றார். வலைக்கதவு உட்காரும் உள்விளிம்பை, அகலவாக்கில் மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும், உயரவாக்கில் இரு பக்கங்களிலும் டேப் வைத்து அளந்தோம். மேலே 24⅛ அங்குலம், நடுவே 24, கீழே 23⅞. மூலைக்கு மூலை அளந்தபோது இரண்டு குறுக்களவுகளுக்கும் ⅜ அங்குல வித்தியாசம். நிலை சதுரமாக இல்லை. குண்டு குழிகளில் 34 ஆண்டுகள் ஓடிய வண்டியில் அப்படித்தான் இருக்கும் என்றார். அதன் பிறகு நான்கு விவரங்களைக் காகிதத்தில் எழுதச் சொன்னார். மூலைகள் செங்கோணமா வளைவா, எங்களுடையது செங்கோணம். வெளியே நின்று பார்க்கும்போது கீல் எந்தப் பக்கம்; எங்களுக்கு வலம். தரைப்பட்டியிலிருந்து தாழ்ப்பாள் எவ்வளவு உயரம், 33 அங்குலம். வாசற்கதவை மூடிய பிறகு அதன் உட்புறக் கைப்பிடிக்கும் வலைக்கதவுக்கும் இடையே எவ்வளவு இடம் மிஞ்சும்; அரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். வலைக்கதவின் நடுவே ஒரு சிறு நகரும் பலகை இருக்கும், உள்ளேயிருந்து அதைத் தள்ளிக் கைவிட்டுத்தான் வாசற்கதவின் தாழை எட்டுவோம். அந்தப் பலகை தாழுக்கு நேரே வராவிட்டால் கதவு இருந்தும் பயனில்லை என்பதால்தான் அந்த 33 அங்குலம் முக்கியம்.

எல்கார்ட்டுக்குப் போ என்று அவர் சொன்னார். இந்தியானாவின் வடக்கு எல்லையில் இருக்கும் அந்த ஊரும் சுற்றுவட்டாரமும்தான் அமெரிக்க மோட்டார்ஹோம் தொழிலின் மையம். தொழிற்சாலைகளில் மிஞ்சிய பொருள்களை விற்கும் கடைகளும், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடங்களும் அங்கே உண்டு.

கூலியாக எதையும் வாங்க மறுத்தார். அம்மா ஒரு தட்டில் எலுமிச்சைச் சாதம் கொடுத்தபோது, இரண்டு கைகளாலும் வாங்கி, நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டார். கறுப்பு மணிகள் என்ன என்று கேட்டு, கடுகு என்றதும், தன் மனைவி இருந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருப்பார் என்றார்.

ஜூலை 10, திங்கள். தெற்கே ஒரு நெடும்பகல்

இன்னும் மூன்று நாள் ஏரிக்கரையோரம் சுற்றுவதாக இருந்த திட்டத்தைக் கைவிட்டோம். மணிக்கு 55 மைலுக்கு மேல் போனால் எஞ்சின் சூடேறுவதால், எல்கார்ட் வந்து சேர இரவு ஒன்பது ஆயிற்று. வழியில் ஒரு கூடை செர்ரிப் பழம் ஆறு டாலர். அன்றிரவும் கதவை மூடியே படுத்தோம்.

ஜூலை 11, செவ்வாய். எல்கார்ட்

காலை ஒன்பது மணிக்கு மிச்சப் பொருள் கடையில் இருந்தோம். ஒரு கொட்டகை முழுக்கக் கதவுகள், புத்தம் புதியவை, அட்டை சுற்றியவை. மகிழ்ச்சி பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. வலைக்கதவு தனியாகக் கிடையாது. நிலை, வாசற்கதவு, வலைக்கதவு மூன்றும் சேர்ந்த தொகுதி மட்டுமே, 600 டாலருக்கு மேல். மூலைகள் எல்லாம் வளைவானவை. அகலம் 26 அல்லது 30 அங்குலம். அதைப் பொருத்த வேண்டுமானால் வண்டியின் பக்கச்சுவரையே அறுக்க வேண்டும். விற்பனைக்கு நின்ற இளைஞர் எங்கள் காகிதத்தைப் பார்த்துவிட்டு, பழைய சுவரை அறுக்க வேண்டாம், உள்ளே மரம் இற்றிருந்தால் வேலை பெரிதாகிவிடும் என்று தானே சொன்னார். விற்க வேண்டியவர் விற்காமல் அனுப்பிய அந்த நேர்மையை நன்றியோடு குறித்துக்கொள்கிறேன்.

அடுத்து ஊருக்கு வெளியே ஒரு காயலான் கடை. பிரித்துப் போட்ட வண்டிகள் வரிசை வரிசையாக வெயிலில் நின்றன. முன்னறையில் இருந்த பெண்மணி, "என்ன வண்டி?" என்று கேட்கவே இல்லை, அகலம், உயரம், மூலை, கீல் என்று நான்கே கேள்விகள். பெரியவர் எழுதச் சொன்ன காகிதத்தை நீட்டினேன். அதைப் படித்துவிட்டு, இப்படி அளந்துகொண்டு வருகிறவர்கள் குறைவு என்று சொல்லி, தானே தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு எங்களோடு வந்தார்.

வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. கதவுகளைச் சாய்த்து வைத்திருந்த இடத்தில் குளவிக்கூடுகள் இருந்ததால் ஒவ்வொன்றையும் கம்பால் தட்டிப் பார்த்தே நகர்த்த வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் நாற்பது கதவுகளாவது பார்த்திருப்போம். அகலம் சரியாக இருந்தால் மூலை வளைவு. மூலை சரியாக இருந்தால் சட்டம் முறுக்கு. கடைசியில் ஒன்று கிடைத்தது. செங்கோண மூலை, 23¾ அங்குல அகலம், சட்டம் நேர். ஆனால் உயரம் 71 அங்குலம். எங்களுக்கு வேண்டியது 69½. அதோடு கீல் இடப்பக்கம்.

நான் அதைத் திரும்ப வைக்கப் போனேன். அந்தப் பெண்மணி கதவை என் கையிலிருந்து வாங்கி, தலைகீழாகச் சுழற்றி நிறுத்தினார். கீல் வலப்பக்கம் வந்துவிட்டது. மூலைகள் செங்கோணமாக இருப்பதால் இது முடியும்; மேல்மூலை மட்டும் வளைந்த கதவில் முடியாது. நகரும் பலகைதான் இப்போது ஏழு அங்குலம் மேலே போய்விடுகிறது, அதை ஒரு கைத்தொழில்காரர் இறக்கித் தருவார் என்று சொல்லி, ஷிப்ஷெவானா பக்கம் ஒரு பட்டறைக்கு வழி எழுதிக் கொடுத்தார். கதவு 45 டாலர், இந்தியானாவின் ஏழு சதவீத வரியோடு 48 டாலர் 15 சென்ட். திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாலையில் வெயிலுக்கு ஒதுங்க, எல்கார்ட்டில் இருக்கும் மோட்டார்ஹோம் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் இருந்தோம். 1913ஆம் ஆண்டு இழுவை வண்டி ஒன்றைப் பார்த்த மகள், அதில் எத்தனை பேர் படுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 12, புதன். ஷிப்ஷெவானா

இது ஆமிஷ் மக்கள், அதாவது நவீன வசதிகள் பலவற்றைத் தவிர்த்து எளிமையாக வாழும் கிறித்தவச் சமூகத்தார், நிறைந்த வட்டாரம். சாலையில் குதிரை வண்டிகள் நிதானமாகப் போகின்றன. அவற்றைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து, அகல விலகிச் சென்றோம். செவ்வாயும் புதனும் இங்கே பெருஞ்சந்தை கூடும் நாள்கள் என்பதால் ஊரில் வண்டி நிறுத்த இடமில்லை. நாங்கள் சந்தைக்குப் போகாமல் பட்டறைக்குப் போனோம்.

சன்னல் வலைகள் செய்து பழுதுபார்க்கும் சிறு பட்டறை. மின்சாரம் இல்லை. வெளியே ஒரு டீசல் எஞ்சின் காற்றை அழுத்தித் தர, துளைபோடும் கருவியும் அறுக்கும் கருவியும் அந்தக் காற்றில் ஓடின. கூரைக் கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்தில் தந்தையும் மகனும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். படம் எடுக்கப்படுவதை அவர்கள் விரும்புவதில்லை என்பதால் தொலைபேசியை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போனோம்.

தந்தை எங்கள் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். நிலை கோணலாக இருப்பதால் கதவையும் அதே கோணலுக்குச் செய்யலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார். நிலை இன்னும் அசையும், கோணல் இன்னும் மாறும். கதவு சதுரமாகவே இருக்கட்டும், நான்கு பக்கமும் ⅛ அங்குலம் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியை மயிர்ப்பட்டியால், அதாவது தூரிகைபோல் மயிர் அடர்ந்த ஒட்டுப்பட்டியால், அடைத்துக்கொள்ளுங்கள் என்றார். இத்தனை நாளில் நான் கேட்ட சொற்களில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். நான் அதைக் கோணலுக்கே வெட்டியிருப்பேன், அடுத்த ஆண்டே அது சிக்கிக்கொண்டிருக்கும்.

அடிச்சட்டத்தைக் கழற்றி, பக்கச்சட்டங்களில் ஒன்றரை அங்குலம் அறுத்து, மூலையின் உட்துண்டுகளைத் திரும்பப் பொருத்தினார். நகரும் பலகையைத் தாங்கும் இரு குறுக்குப் பட்டைகளின் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, 33 அங்குல உயரத்தில் மீண்டும் அடித்தார். வலைக்கு, அங்குலத்துக்கு 20 கண்கள் உள்ள நெருக்கமான கண்ணாடியிழை வலையைத் தேர்ந்தெடுத்தோம். வழக்கமான 18க்கு 16 வலையைவிட இதில் காற்று சற்றுக் குறையும். ஆனால் அந்தக் கொள்ளு ஈ நுழையாது.

வலை அடிக்கும் வேலையை அவருடைய மகன் என் மகளுக்குக் கற்றுக்கொடுத்தான். பதினான்கு வயதிருக்கும், குறைவாகப் பேசி, செய்து காட்டினான். நீளச்சட்டங்களின் வெளிப்புறத்தில் மரக்கட்டைகளை ஒட்டவைத்து ஆணியடித்தான், வலையின் இழுப்பில் சட்டம் இடுப்பு ஒடுங்கினாற்போல் உள்வாங்கிவிடாமல் இருக்கத்தான் அது. வலையைப் பரப்பி, வலையைப் பிடித்துவைக்கும் ரப்பர் கயிறான பீடிங்கை, பள்ளம் உள்ள சக்கரத்தால் சட்டத்தின் காடிக்குள் அழுத்திக்கொண்டே போக வேண்டும். வலை தளராமல் இருந்தால் போதும், பலங்கொண்டு இழுக்கக் கூடாது. கடைசியில் மிஞ்சிய வலையைக் கத்தியால் வெளிப்பக்கம் நோக்கி வெட்டினாள் மகள். ஒரு மூலையில் சுருக்கம் விழுந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் அந்த ஒரு பக்கப் பீடிங்கை உருவி, மறுபடியும் அவள் கையிலேயே சக்கரத்தைக் கொடுத்தான்.

வலை, பீடிங், கூலி எல்லாம் சேர்த்து 52 டாலர், ரொக்கமாக. அம்மா கைகூப்பினார். பட்டறைக்காரர் தொப்பியைத் தொட்டுத் தலையசைத்தார்.

பொருத்தும் வேலையைத் தங்குமிடத்தில் நானே செய்தேன். பழைய கீலின் துளைகள் தேய்ந்து பெரிதாகியிருந்ததால் அவற்றைச் சீலண்டால் அடைத்துவிட்டு, ஓர் அங்குலம் தள்ளிப் புதுத் துளை போட்டேன். இரும்பு ஸ்க்ரூ அலுமினியத்தில் ஈரத்தோடு இருந்தால் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அலுமினிய ரிவெட்டே அடித்தேன். முதல் முயற்சியில் மேல்கீல் ⅛ அங்குலம் விலகிப்போய், கதவு தாழ்ப் பக்கம் மேலே உரசியது. மூன்று ரிவெட்டுகளையும் துளைத்து எடுத்துவிட்டு, மனைவி ரசமட்டத்தைப் பிடித்துக்கொள்ள, மறுபடி அடித்தேன். இரண்டாம் முறை உரசவில்லை. அதற்குள் இருட்டிவிட்டது, மயிர்ப்பட்டி ஒட்டவில்லை.

ஜூலை 13, வியாழன். வாரன் டூன்ஸ்

காலையில் மயிர்ப்பட்டி ஒட்டினேன். கீழ்ப்பக்கம் இடைவெளி ஒரு மூலையில் ¼ அங்குலம் இருந்ததால் அங்கே மட்டும் நீள மயிருள்ள பட்டி. பிறகு மிச்சிகன் ஏரியின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் வாரன் டூன்ஸ் பூங்காவுக்கு வந்தோம். ஓடும்போது வலைக்கதவு தனியே அதிராமல் இருக்க, அதை வாசற்கதவோடு சேர்த்துப் பிடிக்கும் கொண்டி ஒன்று இருக்கிறது. சேர்ந்து திறக்கின்றன, சேர்ந்து மூடுகின்றன. உள்ளேயிருந்து கொண்டியை விடுவித்தால் வலைக்கதவு மட்டும் நின்றுவிடுகிறது.

மாலையில் மணற்குன்றில் மகள் பத்து முறை ஏறி இறங்கினாள். இருட்டியதும் வாசற்கதவை வெளியே முழுவதும் திறந்து அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, வலைக்கதவை மட்டும் சாத்தினோம். அடுப்பில் ரசம் கொதித்தது. கூரை விசிறியைப் போட்டதும், வாசல் வழியே ஏரிக்காற்று நேராக உள்ளே வந்து, அடுப்பின் ஆவியை இழுத்துக்கொண்டு மேலே போனது. விளக்கைப் பார்த்து வந்த பூச்சிகள் வலையின் மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. மகள் கை விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையையும் சோதித்தாள், தான் திரும்ப அடித்த அந்த மூலையை இரண்டு முறை.

நகரும் பலகை இன்னும் சற்று இறுகலாக இருக்கிறது. காடியில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் சரியாகும், நாளை செய்ய வேண்டும்.

அம்மா எப்போதும் பின்கட்டிலில்தான் படுப்பார். இன்றிரவு தலையணையை எடுத்துக்கொண்டு வந்து, வாசலுக்கு நேரே இருக்கும் இருக்கையை விரிக்கச் சொன்னார். காற்று பக்கம் தலையை வைத்துப் படுத்து, "இந்தக் கதவை விடியும்வரை மூடாதேப்பா" என்றார். மூடவில்லை.